வேலை போன லென்ஸுகள்

என்னிடம் இருக்கும் பூச்சிப் படங்களில் நன்றாக வந்தவை பெரும்பாலும் மேக்ரோ லென்ஸில் (சின்னப் பொருளை மிக அருகில் எடுப்பதற்கான லென்ஸ்) எடுத்தவை இல்லை. பழுதான ஃபிலிம் ஸ்கேனரின் வயிற்றிலிருந்து கழற்றிய லென்ஸ், இருட்டறைகள் மூடப்பட்டபோது கேட்பாரற்றுப் போன என்லார்ஜர் லென்ஸ் (ஃபிலிமைக் காகிதத்தில் பெரிதாக்கும் கருவியின் லென்ஸ்), யாரோ ஒதுக்கிவிட்ட மைக்ரோஸ்கோப்பின் 4 மடங்கு அப்ஜெக்டிவ் (பொருளுக்கு அருகில் இருக்கும் லென்ஸ்) என்று எல்லாமே வேறு ஏதோ வேலைக்காகச் செய்யப்பட்டவை. அந்த வேலை இல்லாமல் போனதால் மலிவாகக் கைக்கு வந்தவை. இவற்றை மாட்டியும் கழற்றியும் திருப்பி மாட்டியும் பார்த்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தொல்லை எதற்கு? மேக்ரோ என்று விற்கப்படும் லென்ஸுகளில் பெரும்பாலானவை 1:1 வரைதான் போகும். 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் 36 மி.மீ. அகலப் பொருள் நிறையும். வண்ணத்துப்பூச்சிக்கு அது தாராளம். அதே வண்ணத்துப்பூச்சியின் இறகுச் செதில் வேண்டும், எறும்பின் முகம் வேண்டும் என்றால் 4 மடங்கு, 10 மடங்கு என்று போக வேண்டும். 4 மடங்கில் சட்டத்துக்குள் அடங்குவது 9 மி.மீ. அகலம், 10 மடங்கில் 3.6 மி.மீ. மட்டும்தான்.

இதற்கென்றே செய்த லென்ஸுகளும் உண்டு. 1999-ல் வந்த கேனான் எம்பி-இ 65 மி.மீ. லென்ஸ் 1 முதல் 5 மடங்கு வரை போகும். அதற்கு முன்பே ஸைஸின் லூமினார், லைட்ஸின் ஃபோட்டார், நிக்கானின் மேக்ரோ-நிக்கோர் வரிசைகள் இருந்தன. அவையெல்லாம் இன்று சேகரிப்பாளர்கள் கையில். விலையும் அவர்கள் சொல்வதுதான். அந்தப் பெயர்களைத் துரத்துவதை நான் விட்டுவிட்டேன். பெயரே இல்லாத லென்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டால் போதும்: நீ இதற்கு முன் என்ன வேலை பார்த்தாய்?

சின்னப் பக்கமும் பெரிய பக்கமும்

எந்த லென்ஸும் எல்லாத் தூரத்துக்கும் ஒரே மாதிரி நன்றாக வேலை செய்யாது. இன்ன தூரத்தில் பொருள், இன்ன தூரத்தில் பிம்பம், இன்ன உருப்பெருக்கம் என்று தீர்மானித்துத்தான் வடிவமைக்கிறார்கள். கேமரா லென்ஸில் ஓரளவு சமரசம் இருக்கும். இயந்திரத்துக்குள் இருக்கும் லென்ஸுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வாழ்நாள் முழுக்க ஒரே தூரம், ஒரே வேலை. அதனால் அந்த ஒரு வேலையில் விலை உயர்ந்த கேமரா லென்ஸை விடவும் நன்றாக இருக்க முடியும். அதிலிருந்து விலகினால் சாதாரணமாகிவிடும்.

எனக்கு உதவிய கணக்கு எளிமையானது. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு சின்னப் பக்கம், ஒரு பெரிய பக்கம். பழைய இயந்திரத்தில் சின்னப் பொருள் எந்தப் பக்கம் இருந்ததோ அது சின்னப் பக்கம். 1 மடங்குக்கு மேலே போகும்போது நம்மிடம் சின்னது பூச்சி, பெரியது சென்சாரில் விழும் பிம்பம். ஆகவே பூச்சி சின்னப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

என்லார்ஜர் லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்-நிக்கோர், ரோடகான், காம்போனான்-எஸ் மூன்றும் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். அவற்றின் மரைப் பக்கத்துக்கு (கருவியில் திருகி மாட்டும் பக்கம்) பின்னால் 35 மி.மீ. ஃபிலிம் இருந்தது, முன்னால் பெரிய காகிதம். ஃபிலிமை 8, 10 மடங்கு பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைப்பது அதன் வேலை. அப்படியானால் சின்னப் பக்கம் எது? மரைப் பக்கம். பூச்சியைப் பார்க்க வேண்டியது அதுதான். ஆனால் மரை இருக்கிறதே என்று அதையே கேமராவில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். 1 மடங்கில் பெரிய வேறுபாடு தெரியாது. 4 மடங்கில் திருப்பி மாட்டிப் பார்த்தால் ஓரங்கள் தெளிவதைக் கண்ணால் காணலாம்.

சினிமா கேமரா லென்ஸும் அப்படியே. 16 மி.மீ. சினிமா ஃபிலிமின் சட்டம் ஏறக்குறைய 10க்கு 7.5 மி.மீ. அந்தச் சின்னச் சட்டத்துக்குள் உலகத்தைக் கூர்மையாக அடக்கப் பழகிய லென்ஸ் அது. திருப்பி மாட்டினால் அதே 10க்கு 7.5 மி.மீ. பரப்பைக் கூர்மையாகப் பார்க்கும். 36 மி.மீ. சென்சாரில் 4 மடங்கில் நமக்கு வேண்டிய பரப்பு 9க்கு 6, கச்சிதமாகப் பொருந்துகிறது. இதே லென்ஸை 2 மடங்கில் பயன்படுத்தினால் 18 மி.மீ. அகலம் வேண்டும், ஓரமெல்லாம் குழம்பிவிடும். 8 மி.மீ. ஃபிலிம் கேமராவின் லென்ஸ் என்றால் 7, 8 மடங்குக்கு மேலேதான் அழகு. வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு இது.

திருப்பி மாட்டிய லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பழைய நாளில் லென்ஸின் பின்முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே இருந்த தூரம்தான் ஏறக்குறைய அந்த இடம். 16 மி.மீ. சினிமா லென்ஸுகளின் சி-மவுண்ட் என்ற மாட்டும் தரத்தில் அது 17.5 மி.மீ. பழைய எஸ்.எல்.ஆர். கேமரா லென்ஸுகளில் 44, 45 மி.மீ. அளவு. அதனால்தான் 28 மி.மீ. வைட் ஆங்கிள் லென்ஸைத் திருப்பி மாட்டினாலும் ஒளி போட வசதியான இடைவெளி கிடைக்கிறது. மலிவாகத் தொடங்க விரும்புகிறவருக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பழைய 28 மி.மீ. லென்ஸைத்தான், என்லார்ஜர் லென்ஸைக்கூட அதற்கு அப்புறம்தான்.

ஃபிலிம் ஸ்கேனர் லென்ஸுகள் இந்தக் கூட்டத்தில் ராஜாக்கள். காரணம் உண்டு. ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் படிக்கிறது. மூன்றும் ஒரே தளத்தில், ஒரே அளவில் ஃபோகஸ் ஆகாவிட்டால் ஸ்கேன் முழுக்க நிற விளிம்பு வந்துவிடும். அதனால் நிறப்பிறழ்ச்சியை விடாமல் துரத்தித் திருத்தியிருப்பார்கள். மினோல்டாவின் டைமேஜ் ஸ்கேன் எலீட் 5400 என்ற ஸ்கேனரின் லென்ஸ் இதற்குப் பேர் போனது. 5400 டிபிஐ (அங்குலத்துக்கு 5400 புள்ளி) என்றால் ஃபிலிமில் ஒரு புள்ளிக்கு 4.7 மைக்ரான், அந்த அளவுக்குப் பிரித்துக் காட்ட வேண்டிய லென்ஸ் அது. 2 மடங்கை ஒட்டி அது தரும் சுத்தமான நிறத்தைப் பார்த்த பிறகு மற்றவற்றில் தெரியும் ஊதா விளிம்பு கண்ணை உறுத்தத் தொடங்கிவிடும். இந்தச் செய்தி பரவிவிட்டதால் அந்த ஸ்கேனரே இப்போது லென்ஸுக்காக வாங்கப்படுகிறது என்பது வேறு கதை.

மைக்ரோஸ்கோப் அப்ஜெக்டிவுக்குத் திருப்பும் வேலையே இல்லை. பிறவியிலேயே அது சின்னப் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் உடம்பில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். 160/0.17 என்று இருந்தால் 160 மி.மீ. குழலுக்கானது, 0.17 என்பது மேலே மூடும் கண்ணாடிச் சில்லின் தடிமன். இந்த வகையில் அப்ஜெக்டிவின் தோளிலிருந்து சென்சார் வரை 150 மி.மீ. இருக்கும்படி குழாய்களைச் சேர்த்தால் போதும். பூச்சியின் மேல் கண்ணாடிச் சில்லு இல்லையே என்று 4 மடங்கிலும் 10 மடங்கிலும் கவலைப்பட வேண்டாம். 40 மடங்கில்தான் அது படத்தைக் கெடுக்கும், அங்கே போவதற்கு நமக்கு அவசியமும் இல்லை. முடிவிலிக் குறி போட்டிருந்தால் அது தனியாக பிம்பத்தை உருவாக்காது. பின்னால் இன்னொரு லென்ஸ் வேண்டும். கையில் இருக்கும் 200 மி.மீ. டெலி லென்ஸை முடிவிலியில் ஃபோகஸ் வைத்து, அப்ஜெக்டிவை அதன் முன்னால் மாட்டலாம். ரேனாக்ஸ் டிசிஆர்-150 என்ற குளோசப் லென்ஸின் குவியத் தொலைவும் 208 மி.மீ. என்பதால் அதையும் பலர் இந்த வேலைக்கு வைக்கிறார்கள்.

பழைய அப்ஜெக்டிவுகள் சிலவற்றில் ஒரு சங்கடம். மிச்சமிருக்கும் நிறப் பிழையை ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். நாம் ஐபீஸ் இல்லாமல் நேரே சென்சாரில் விழவிடுவதால் ஓரங்களில் நிறம் பிரியும். நிக்கானின் சிஎஃப் வகை அப்ஜெக்டிவிலேயே திருத்தத்தை முடித்துவிடுவதால் எனக்கு அதுதான் பிடித்தது. மற்றபடி எந்த அப்ஜெக்டிவும் ஐபீஸில் தெரியும் 18, 20 மி.மீ. வட்டத்துக்குத்தான் பொறுப்பு. 36 மி.மீ. சென்சாரின் மூலைகள் அதற்கு வெளியே. மூலை மங்கினால் லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

வேண்டாம் என்று ஒதுக்கியவை

கழிவில் கிடைக்கும் எல்லாக் கண்ணாடியும் நமக்கு உதவாது. இப்போதைய மெல்லிய ஸ்கேனர்கள் பலவற்றில் சிஐஎஸ் என்ற அமைப்பு இருக்கிறது; உள்ளே நுண்ணிய கண்ணாடிக் குச்சிகளின் வரிசைதான், கழற்றி எடுக்க லென்ஸே கிடையாது. டிவிடி டிரைவின் குட்டி லென்ஸ் பார்க்க ஆசையாக இருக்கும். அதன் என்.ஏ. (எவ்வளவு அகலமான ஒளிக்கூம்பை லென்ஸ் வாங்கும் என்பதற்கான எண்) 0.60, காகிதத்தில் பார்த்தால் அருமை. ஆனால் அது 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு மட்டும் செய்தது. வெள்ளை ஒளியில் கஞ்சிதான். 1960-களின் அல்ட்ரா-மைக்ரோ-நிக்கோர் போன்ற சிப் தயாரிப்பு லென்ஸுகளும் ஒரே நிறத்துக்குத் திருத்தப்பட்டவை. அவற்றை வைத்திருப்பது பெருமை, பூச்சி எடுப்பது வேறு. ஃபோட்டோகாப்பியர் லென்ஸ் கனமாக, கம்பீரமாக இருக்கும். 1:1-க்கு நல்லதுதான், குவியத் தொலைவு அதிகம் என்பதால் 4 மடங்குக்குப் போக ஒரு மீட்டர் நீளக் குழாய் கேட்கும். புரொஜெக்டர் லென்ஸுகளில் பெரும்பாலும் அபர்ச்சரே (ஒளித் துளையைச் சிறிதாக்கும் இதழ்கள்) இருக்காது. கறுப்பு அட்டையில் துளை போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அதற்குள் ஒரு என்லார்ஜர் லென்ஸ் கிடைத்துவிடும்.

பெயரும் எண்ணும் இல்லாத லென்ஸ் என்றால், இயந்திரத்திலிருந்து கழற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள். லென்ஸிலிருந்து அது பார்த்த பொருள் வரை எவ்வளவு, இயந்திரத்தின் சென்சாரான சிசிடி வரை எவ்வளவு. இந்த இரண்டு தூரத்தின் விகிதம்தான் அந்த லென்ஸ் பிறந்த உருப்பெருக்கம். கண்ணாடிகள் ஒளியை மடக்கி அனுப்பியிருந்தால் மடிப்புகளையும் சேர்த்து அளக்க வேண்டும். எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்று பேனாவால் ஒரு அம்புக்குறி போடுங்கள். கழற்றிய பிறகு இரண்டு முகமும் ஒரே மாதிரி தெரியும். ஃபிளாஷ் உள்ள கேமராவைப் பிரிப்பதாக இருந்தால் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

குவியத் தொலைவு தெரியாவிட்டால் அதையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஏதாவது ஒரு நீளத்தில் குழாயை மாட்டி, மி.மீ. கோடு போட்ட அளவுகோலைப் படமெடுங்கள். சட்டத்தின் அகலத்தில் எத்தனை மி.மீ. தெரிகிறதோ அதால் சென்சார் அகலத்தை வகுத்தால் உருப்பெருக்கம். அப்புறம் குழாயைக் கூட்டி இன்னொரு படம். குழாய் நீளத்தில் வந்த வேறுபாட்டை உருப்பெருக்கத்தில் வந்த வேறுபாட்டால் வகுத்தால் விடை. 100 மி.மீ. கூட்டியதில் 2 மடங்கு 4 மடங்கானால் அது 50 மி.மீ. லென்ஸ். லென்ஸின் மையம் எங்கே இருக்கிறது என்ற தலைவலியே இதில் இல்லை.

குழாய் எவ்வளவு வேண்டும் என்பதும் இதிலிருந்தே வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் 4 மடங்கு வேண்டுமென்றால் லென்ஸிலிருந்து சென்சார் வரை 250 மி.மீ.; 28 மி.மீ. லென்ஸில் 140 மி.மீ. போதும். குழாய்க்குப் பதிலாக மாட்டும் துருத்தி போன்ற பெல்லோஸ் நீளமானால் ஆடும், வளையும். எனவே 3 மடங்கு வரை 50, அதற்கு மேல் 28 அல்லது 35, 5-க்கு மேல் அப்ஜெக்டிவ் என்று பிரித்துக்கொண்டேன்.

எஃப் எண் சொல்லும் பொய்

மேக்ரோவில் புதிதாக வருபவர்கள் ஆழம் (முன்னும் பின்னும் கூர்மையாகத் தெரியும் தடிமன்) வேண்டுமென்று அபர்ச்சரை எஃப் 11, எஃப் 16 என்று மூடிவிடுவார்கள். 4 மடங்கில் இது படத்தைக் கொல்லும். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப் எண் முடிவிலிக் கணக்கு. சென்சார் உண்மையில் உணரும் எண்ணைப் பெற, அதை உருப்பெருக்கத்தோடு ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும். 4 மடங்கில் எஃப் 4 என்பது 20. எஃப் 5.6 என்பது 28. எஃப் 11 என்றால் 55. அந்தச் சின்னத் துளையில் ஒளி விளிம்பு வளைந்து பரவி எல்லாவற்றையும் மெழுகிவிடும்.

எண்ணாகவே பார்க்கலாம். 20 என்ற நிலையில் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் ஏறக்குறைய 27 மைக்ரான் அகல வட்டமாக விழுகிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பிக்சல் 6 மைக்ரான். ஒரு புள்ளி நான்கு பிக்சலுக்கு மேல் பரவுகிறது. இந்த வேலைக்கு அதிக மெகாபிக்சல் கேமரா வாங்குவதில் எனக்கு நம்பிக்கை போனது இந்தக் கணக்கால்தான்.

அப்ஜெக்டிவ்களின் பலமும் இதே கணக்கில் தெரிகிறது. 4 மடங்கு, 0.10 என்.ஏ. என்ற சாதாரண அப்ஜெக்டிவில் சென்சார் உணரும் எண் 20. எஃப் 4-இல் வைத்த நல்ல என்லார்ஜர் லென்ஸும் 4 மடங்கில் அதே 20. ஆக, அங்கே இரண்டும் சமம். அபர்ச்சரை மாற்றும் வசதியால் என்லார்ஜருக்கு ஒரு படி மேல். 10 மடங்கில் கதை மாறுகிறது. 0.25 என்.ஏ. அப்ஜெக்டிவ் அங்கேயும் 20-லேயே நிற்கும். எஃப் 2.8 லென்ஸை முழுக்கத் திறந்தாலும் 31. அந்த அளவு திறந்தால் பெரும்பாலான லென்ஸுகள் கூர்மையும் இழக்கும். 5 மடங்குக்கு மேல் என்லார்ஜர் லென்ஸோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை.

என் பழக்கம் இது: புதிதாக ஒரு லென்ஸ் வந்தால் பழைய கணினிச் சிப்பின் பரப்பைப் படமெடுப்பேன். தட்டையாக இருக்கும், நுண்ணிய கோடுகள் மூலை வரை ஓடும், நிற விளிம்பு உடனே காட்டிக்கொடுக்கும். ஒரே உருப்பெருக்கத்தில் ஒவ்வொரு அபர்ச்சரிலும் ஒரு படம், அப்புறம் திருப்பி மாட்டி அதே வரிசை. எது நல்லது என்று அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பூச்சியை வைத்துச் சோதித்தால் ஃபோகஸ் தவறியதா, லென்ஸ் மோசமா என்று கடைசிவரை தெரியாது.

மரை, பசை, கறுப்புத் துணி

இந்தப் பொழுதுபோக்கில் நேரத்தை விழுங்குவது ஒளியியல் இல்லை, மரை. என்லார்ஜர் லென்ஸுகளில் பெரும்பாலும் எம்39, அதாவது 39 மி.மீ. விட்டம். அங்குலத்துக்கு 26 மரை. ஆனால் எம்39 என்றே விற்கப்படும் சில வளையங்களில் 1 மி.மீ. மரை. இரண்டும் நெருக்கம் என்பதால் சில சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை போயிற்று. எம்42-இலும் இதே கூத்து. பழைய கேமரா லென்ஸுகளின் எம்42 என்பது 1 மி.மீ. மரை, டெலஸ்கோப் சாமான்களில் வரும் டி2 என்பதும் 42 மி.மீ.தான், ஆனால் 0.75 மரை. அப்ஜெக்டிவுகளில் பழைய தரம் ஆர்எம்எஸ், விட்டம் 20.32 மி.மீ. என்னிடம் எல்லாமே எம்42-க்கு வந்து சேரும்படி வைத்துக்கொண்டேன். கேமராவிலிருந்து எம்42, அதில் எம்42 குழாய்கள், முனையில் மட்டும் லென்ஸுக்கேற்ற வளையம். ஒரே தரத்தில் நிலைத்தால் அடாப்டர் பெட்டி பாதியாகச் சுருங்கும்.

மரையே இல்லாத ஸ்கேனர் லென்ஸுக்கு கேமராவின் வாயை மூடும் பாடி கேப்பே நல்ல தளம். நடுவில் துளை போட்டு, லென்ஸை அதில் உட்காரவைக்கலாம். 3டி அச்சு வசதி இருந்தால் இன்னும் சுலபம். அரை மி.மீ. நகர்ந்து உட்கார்ந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் சாய்ந்து உட்காரக் கூடாது. ஒரு பக்க ஓரம் மட்டும் மங்கினால் முதல் சந்தேகம் சாய்வின் மேல் போகட்டும். ஒட்டுவதற்கு உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். எபாக்ஸி மெதுவாக இறுகினாலும் சுத்தமானது. கழற்ற நேரிடும் என்றால் மூன்று குட்டித் திருகாணிகளே மேல்.

என்லார்ஜர் லென்ஸுகளில் கவனிக்காமல் விட்டுவிடும் ஒன்று உண்டு. இருட்டறையில் எஃப் எண் தெரிய வேண்டுமே என்பதற்காகச் சிலவற்றில் ஒரு சின்ன ஒளிச் சாளரம் வைத்திருப்பார்கள். உள்ளேயிருந்து வரும் வெளிச்சம் எண்ணை ஒளிரவைக்கும். கேமராவில் இது தலைகீழாக வேலை செய்கிறது: வெளியே நாம் போடும் ஃபிளாஷ் வெளிச்சம் அதே வழியாக உள்ளே நுழைந்து படத்தை வெளுக்க வைக்கும். ஒரு துண்டுக் கறுப்பு டேப் போதும். அதற்கடுத்தபடியாக குழாய்களின் உட்சுவர். கறுப்பு வண்ணம் பூசிய அலுமினியம்கூடச் சாய்வான ஒளியில் பளபளக்கும். கறுப்பு வெல்வெட் துணியோ ஃபிளாக்கிங் தாளோ ஒட்டினால், அதுவரை "இந்த லென்ஸுக்குக் கான்ட்ராஸ்ட் கம்மி" என்று நினைத்திருந்தது மாறிவிடும். லென்ஸை மாற்றுவதற்கு முன் குழாயை மாற்றிப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். உள்ளே நாலு தூசி இருப்பது பிரச்சினையே இல்லை. அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருந்தாலும் கையால் திருப்பும் லென்ஸில் பாதகமில்லை. இதழ்கள் சட்டென்று ஓட வேண்டும் என்பது தானியங்கி லென்ஸுக்கான நிபந்தனை. சிலந்திவலை போன்ற பூஞ்சையும் பால்போன்ற மூடலும்தான் ஒதுக்க வேண்டியவை. என்னிடம் ஒருவர் "மிகச் சுத்தம்" என்று விற்ற லென்ஸில் மூடல் இருந்தது. அவர் காட்டிய லென்ஸ் படத்தில் அது தெரியவில்லை. விற்பவரிடம் டார்ச் படம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆடாமல், அடுக்கடுக்காக

10 மடங்கில் 6 மைக்ரான் பிக்சல் என்பது பூச்சியின் மேல் 0.6 மைக்ரான். பக்கத்து அறையில் யாராவது நடந்தால்கூடப் படம் அசையும். இதற்கு எனக்குத் தெரிந்த நேரான மருந்து ஃபிளாஷ். சிறிய கேமரா ஃபிளாஷை மிகக் குறைந்த சக்தியில் வைத்தால் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு விநாடி அல்லது அதற்கும் குறைவாகத்தான் நீடிக்கும். அதற்குள் எதுவும் அசையாது. எல்இடி மட்டும் வைத்து எடுப்பவர்கள் கனமான மேசை, எலக்ட்ரானிக் ஷட்டர், ஒவ்வொரு படத்துக்கு முன்பும் சில விநாடி காத்திருப்பு என்று பொறுமையைச் சேர்க்க வேண்டியிருக்கும். கேமராவும் பொருளும் ஒரே பலகையில் உறுதியாகக் கட்டப்பட்டிருப்பது முக்காலியை விட முக்கியம். இரண்டும் சேர்ந்து ஆடினால் படத்தில் ஆட்டமில்லை.

ஒளியைப் பரப்பாமல் நேரே அடித்தால் வண்டின் முதுகு முழுக்க வெள்ளைப் பொட்டுகள். பொருளைச் சுற்றி டிரேசிங் காகிதத்தை உருளையாக நிறுத்தி வெளியே இருந்து இரண்டு ஃபிளாஷ் அடிப்பேன். பாதியாக வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்தில் லென்ஸ் மூக்குக்கு ஓட்டை போட்டு மூடுவதும் பளபளப்பான வண்டுகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. காகிதம் பொருளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மென்மை.

ஆழம் என்று பேசினால், 4 மடங்கில் 0.10 என்.ஏ.-வில் கூர்மையாக இருப்பது 55 மைக்ரான் தடிமன், ஒரு தலைமுடி அளவு. 10 மடங்கு, 0.25-இல் 9 மைக்ரான்கூட இல்லை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒரே கூர்மையான படமாக அடுக்க வேண்டும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும்படி 4 மடங்கில் 40 மைக்ரானும் 10 மடங்கில் 6 மைக்ரானும் நகர்த்துகிறேன். 2 மி.மீ. ஆழமுள்ள எறும்புத் தலைக்கு 4 மடங்கில் 50 படம், 1 மி.மீ. ஆழத்துக்கு 10 மடங்கில் 170 படத்துக்குப் பக்கத்தில் வரும்.

கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் சாதாரண மேக்ரோ ரயிலின் திருகு இந்த நுணுக்கத்துக்கு ஒத்துவராது. இங்கேயும் கழிவுப் பொருள்தான் கைகொடுத்தது. கண்ணாடி கெட்டுப்போன பழைய மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸ் பகுதியை மட்டும் எடுத்துப் படுக்கவைத்து, அதன்மேல் பொருளைப் பொருத்தலாம். நுண் திருகில் ஒரு பிரிவு 1 அல்லது 2 மைக்ரான் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். கையால் திருப்பினாலே போதும். ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைப் பெல்ட்டால் இணைத்தால் தூங்கப் போகலாம். நகர்வது கேமராவா பொருளா என்றால், இந்த அளவில் பொருளை நகர்த்துவதே நல்லது. எடை குறைவு. ஒரு எச்சரிக்கை: திருகை எப்போதும் ஒரே திசையில் திருப்புங்கள். திசை மாற்றினால் பற்களின் இடைவெளியில் முதல் சில படிகள் காணாமல் போகும்.

அடுக்குவதற்கு ஸெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் இரண்டும் பழக்கமானவை. இலவசமாக வேண்டும் என்றால் பிக்கோலே இருக்கிறது. ஸெரீனில் இரண்டு முறைகள். பி-மேக்ஸ் முடிகளும் உணர்கொம்புகளும் குறுக்கே நெடுக்கே போகும் இடங்களைப் பிரித்துக் காட்டும், ஆனால் இரைச்சலையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றிவிடும். டி-மேப் நிறத்தையும் வழவழப்பையும் காப்பாற்றும், முடிகளைச் சுற்றி ஒளிவட்டம் போடும். நான் இரண்டையும் ஓட்டி, டி-மேப் படத்தை அடித்தளமாக வைத்து, முடி உள்ள இடங்களில் மட்டும் பி-மேக்ஸிலிருந்து தூரிகையால் கொண்டுவருவேன். எடுக்க ஒரு மணி நேரம் என்றால் இந்தத் தூரிகை வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதிலும் பாதி, பூச்சியின் மேல் ஒட்டியிருந்த தூசியை அழிப்பதில் போகும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, மைக்ரோஸ்கோப்பிலோ தற்காலிகமாக 2 மடங்கிலோ ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முதல் படத்தை எடுத்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சம்.